மின்தடைக்குப் பிறகு பிட்காயின் நோடு எழ மறுக்கிறது: ரீஇண்டெக்ஸ் தவிர வழி உண்டா?

வெண்ணாறு:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஓடும் பிட்காயின் நோடு (பிளாக்செயினின் நகலை வைத்துத் தானே சரிபார்க்கும் கணினி) அடிக்கடி படுத்துவிடுகிறது. அமைப்பு இதுதான்: ராஸ்பெர்ரி பை 4, 4 ஜிபி ரேம். யுஎஸ்பி 3 கேஸுக்குள் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி. ஓஎஸ் தனியாக 32 ஜிபி எஸ்டி கார்டில். பிட்காயின் கோர் (நோடு மென்பொருள்), டோர் (ஐபி முகவரியை மறைக்கும் வலைப்பின்னல்), எல்என்டி (லைட்னிங் மென்பொருள்) மூன்றும் டாக்கர் கம்போஸில் தனித்தனி கன்டெய்னர்களாக ஓடுகின்றன. டிபிகேஷ் (டேட்டாபேஸுக்கு ரேமில் ஒதுக்கும் இடம், எம்பியில்) 3000 வைத்திருக்கிறேன். லைட்னிங் சேனல்கள் (இன்னொரு நோடோடு பணத்தைப் பூட்டிவைத்து வேகமாகப் பரிமாறும் இணைப்புகள்) நாலைந்து திறந்திருக்கின்றன, பெரிய தொகை இல்லை.

மின்சாரம் போய் வந்தால் சில சமயம் ஒழுங்காக எழுகிறது. சில சமயம் "கரப்டட் பிளாக் டேட்டாபேஸ் டிடெக்டட்" என்று சொல்லி ரீஇண்டெக்ஸ் (பிளாக்குகளிலிருந்து டேட்டாபேஸை மறுபடி கட்டுவது) கேட்கிறது. கொடுத்தால் நாள்கணக்கில் ஓடி, பாதியில் நின்றுவிடுகிறது. மின்தடை இல்லாத நாளிலும் திடீரென்று டிஸ்க் ரீட்-ஒன்லி ஆகிவிடுகிறது. எஸ்எஸ்எச் மட்டும் வேலை செய்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, பை அந்த லைனில்தான் இருக்கிறது. இருந்தும் கரண்ட் மாறும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறது.

இன்னும் இரண்டு விஷயம். உள்வரும் இணைப்பு எப்போதும் பூஜ்யம். ரவுட்டரில் வேன் (இணையப் பக்கத்து) முகவரி 100.70 என்று தொடங்குகிறது. நீண்ட மின்தடை முடிந்து எழுந்தால் சில நிமிடங்களுக்குப் புது பிளாக் எதையும் நோடு ஏற்பதில்லை, பிறகு தானாகச் சரியாகிறது. எங்கிருந்து தொடங்குவது?


சுவடிக்காவலர்:

முதல் வேலை: ரீஇண்டெக்ஸை நிறுத்துங்கள். நோடு செய்யும் வேலைகளிலேயே டிஸ்கையும் ரேமையும் பவர் சப்ளையையும் அதிகம் வாட்டுவது அதுதான். வன்பொருளில் கோளாறு இருக்கும்போது ரீஇண்டெக்ஸ் ஓட்டினால் பாதியில் நிற்கத்தான் செய்யும். காரணத்தைப் பிடித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

பிட்காயின் கோர் இரண்டு இடத்தில் எழுதுகிறது. பிளாக்குகள் பிஎல்கே கோப்புகளாக வரிசையாகப் போய்ச் சேரும். அவை சுலபத்தில் கெடாது. செலவாகாத காசுகளின் பட்டியல் செயின்ஸ்டேட் என்ற லெவல்டிபி டேட்டாபேஸில் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு ஜிபி அளவு. இங்கே இடம் மாறி மாறி ஓயாமல் படிப்பதும் எழுதுவதும் நடக்கும். பிளாக் இண்டெக்ஸும் லெவல்டிபிதான். திடீர் மின்தடையை லெவல்டிபி தாங்கும்படிதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் "எழுதியாயிற்று" என்று டிஸ்க் சொன்னால் உண்மையில் எழுதியிருக்க வேண்டும். விலை குறைந்த எஸ்எஸ்டியும் மோசமான யுஎஸ்பி பிரிட்ஜும் அந்த இடத்தில்தான் பொய் சொல்கின்றன.

இந்த நாலையும் பார்த்துவிட்டு விடையைப் போடுங்கள்.

விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட் என்று அடியுங்கள். 0எக்ஸ்0 வந்தால் மின்சாரம் சரி. 0எக்ஸ்50000 வந்தால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. 0எக்ஸ்50005 என்றால் இந்த நொடியிலும் இறங்கித்தான் இருக்கிறது. பை 4-இல் அந்த எல்லை 4.63 வோல்ட்.

அடுத்து டிமெசேஜில் (கர்னலின் லாக்) யுஏஎஸ்_ஈஎச்_அபார்ட்_ஹேண்ட்லர் என்ற வரி (யுஏஎஸ் என்பது யுஎஸ்பி டிஸ்கோடு வேகமாகப் பேசும் முறை) இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ரீட்-ஒன்லி பிரச்சினைக்குக் காரணம் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதே இடத்தில் "அவுட் ஆஃப் மெமரி, கில்ட் ப்ராசஸ்" என்று பிட்காயின்டி (கோரின் பின்னணி நிரல்) பெயரோடு வரி உண்டா? 4 ஜிபி பையில் டிபிகேஷ் 3000 என்பது ரொம்ப அதிகம். முதல் ஒத்திசைவின்போது மெம்பூலுக்கு (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகள்) ஒதுக்கிய 300 எம்பியில் பயன்படாத இடத்தையும் அதே கேஷ் எடுத்துக்கொள்ளும். கூடவே எல்என்டியும் டோரும் ஓடுகின்றன. கர்னல் யாரையாவது கொன்றுதான் ஆக வேண்டும், பெரிய ஆளைத்தான் கொல்லும். நோடுக்கு அது கரண்ட் போனதற்குச் சமம்.

கடைசியாக டீபக்.லாகைத் திறந்து, ஒவ்வொரு புதுத் தொடக்கத்துக்கும் முன்னால் "ஷட்டவுன்: டன்" இருக்கிறதா பாருங்கள். நீங்களாக நிறுத்திய நேரத்தில்கூட அந்த வரி இல்லை என்றால் குற்றவாளி டாக்கர். டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் 10 வினாடிதான் காத்திருக்கும், பிறகு சிக்கில், அதாவது வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். கேஷில் இருப்பதை டிஸ்கில் கொட்டிவிட்டு மூட பையில் சில நிமிடங்கள்கூட ஆகும். பிட்காயின் கோர் தரும் சிஸ்டம்டி கோப்பில் நிறுத்தும் நேரத்தை 600 வினாடி என்று வைத்திருப்பது அதனால்தான்.


அகல்விளக்கு:

கரண்ட் பக்கத்தை நான் சொல்றேன்.

இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு ஸ்விட்ச் இருக்கும், யுபிஎஸ் மோடு / எகோ மோடுன்னு. சில கம்பெனியில வேற பேர் வச்சிருப்பாங்க. எகோல இருந்தா மெயின்ஸ்ல இருந்து பேட்டரிக்கு மாற எடுக்கிற நேரம் அதிகம். ஃபேன், லைட்டுக்கு அது தெரியாது, பை அடாப்டருக்குத் தெரியும். யுபிஎஸ் மோடுக்கு மாத்துங்க. ரீஸ்டார்ட் பாதி அதுலயே நின்னுடும்.

அப்புறம் கேபிள். இதை யாரும் கவனிக்கிறதில்லை. சாதாரண யுஎஸ்பி கேபிள்ல பவர் கம்பி 28 கேஜ் இருக்கும். அதுல மீட்டருக்கு 0.21 ஓம். போக வர ரெண்டு கம்பி, ஒரு மீட்டர் கேபிள்னா 0.42 ஓம். பையும் எஸ்எஸ்டியும் சேர்ந்து 1.5 ஆம்பியர் இழுத்தா கேபிள்லயே 0.63 வோல்ட் போயிடும். அடாப்டர்ல 5.1 இருந்தாலும் பைக்குப் போய்ச் சேர்றது 4.47. மேல சொன்ன 4.63-க்குக் கீழ வந்தாச்சு. 20 கேஜ் கேபிள்ல இதே கணக்கு 0.1 வோல்ட்தான். பையோட சொந்த அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர், கேபிள் அதுலயே ஒட்டியிருக்கும். அதை வாங்கிடுங்க. ஃபோன் சார்ஜர் எவ்வளவு "ஃபாஸ்ட்"னு போட்டிருந்தாலும் வேணாம். அது ஃபோன்கிட்ட பேசி 9 வோல்ட் கொடுக்கத்தான் ஃபாஸ்ட், 5 வோல்ட்ல பல சார்ஜர் 2 ஆம்பியரோட நின்னுடும்.

பை 4-ல நாலு யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான். சில எஸ்எஸ்டி எழுதும்போது அதைத் தொடும். தனி அடாப்டர் உள்ள பவர்ட் ஹப் போட்டா அந்தத் தலைவலி இல்லை.

இப்ப முக்கியமானது. இன்வெர்ட்டர் இருந்தாலும் பேட்டரி தீரும்போது என்ன ஆகும்னு யோசிச்சு வைக்கணும். வீட்டு இன்வெர்ட்டர்ல யுஎஸ்பி சிக்னல் கிடையாது, "பேட்டரி குறையுது"ன்னு பைக்குச் சொல்லாது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ல யுஎஸ்பி இருந்தா என்யூடி (யுபிஎஸ்ஸைக் கவனிக்கிற சாஃப்ட்வேர்) போட்டு, பேட்டரிக்குப் போய் ரெண்டு நிமிஷம் ஆனா நோடை நிறுத்துன்னு டைமர் வைக்கலாம். இன்வெர்ட்டருக்கு வேற வழி: வீட்ல ஏசி, கீசர் ஓடுற 15 ஆம்பியர் பாயிண்ட் இன்வெர்ட்டர்ல சேராது, நேரா ஈபி லைன். அதுல ஒரு ஈஎஸ்பி8266 போர்டை பழைய சார்ஜர்ல சொருகி வைஃபைல விட்டுடுங்க. பை நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் பிங் பண்ணட்டும். தொடர்ந்து பத்துத் தடவை பதில் இல்லைன்னா ஈபி கரண்ட் இல்லைன்னு அர்த்தம். ரவுட்டருக்குப் பிங் போகுதான்னும் அதே ஸ்கிரிப்ட்ல பாருங்க. ரவுட்டரே செத்திருந்தா ஈபி போச்சுன்னு தப்பா நினைச்சுடும்.

அணைக்கலாமா, ஓடவிடலாமாங்கிறது பேட்டரி அளவைப் பொறுத்தது. பை, எஸ்எஸ்டி, ரவுட்டர், ஓஎன்டி (ஃபைபர் பெட்டி) எல்லாம் சேர்ந்து 25 வாட் வந்தா பெரிசு. 150 ஏஎச் பேட்டரிக்கு அது ஒண்ணுமே இல்லை, காலி பண்றது ஃபேன்தான். ராத்திரி ரெண்டு ஃபேன் ஓடற வீடுன்னா ஒரு மணி நேரத்துல நோடை அணைச்சுடுற மாதிரி வைங்க.

ரவுட்டருக்குத் தனியா 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குறவங்க ஒரு விஷயம் பாருங்க. பெட்டியில 10,000 எம்ஏஎச்னு இருக்கிறது 3.7 வோல்ட் செல் கணக்கு, அதாவது 37 வாட் அவர். மாத்துறதுல போற நஷ்டம் கழிச்சா 30. 10 வாட் ரவுட்டருக்கு மூணு மணி நேரம். அந்த யுபிஎஸ்ல இருக்கிற 5 வோல்ட் போர்ட்ல பையைச் சொருகாதீங்க. பெரும்பாலும் 2 ஆம்பியர்தான், மாறும்போது வோல்டேஜ் தொங்கும்.


திசைகாட்டி:

நெட்வொர்க் பக்கம் இரண்டு கேள்விக்கும் விடை எளிது.

100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் சிஜிநாட்டுக்கு ஒதுக்கியவை. பொது ஐபி உங்களுக்கு இல்லை; ஒரே ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. ரவுட்டரில் பிட்காயினின் 8333 போர்ட்டைத் திறப்பதால் பயன் இல்லை. உள்வரும் இணைப்பு இல்லாததால் உங்கள் நோடுக்கும் குறை ஒன்றும் இல்லை. வெளியே செல்லும் இணைப்புகள் பத்து (எட்டு முழு இணைப்பு, இரண்டு பிளாக் மட்டும்) இருந்தாலே எல்லா விதிகளையும் அது தானே சரிபார்த்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு உதவ வேண்டுமென்றால்தான் உள்வரும் இணைப்பு தேவை.

அதற்கு டோர் ஏற்கெனவே இருக்கிறது. டோர் அமைப்பில் கண்ட்ரோல்போர்ட் 9051-உம் குக்கி ஆத்தென்டிகேஷனும் திறந்திருந்து, பிட்காயின்டி அந்தக் குக்கி கோப்பைப் படிக்க முடிந்தால், டோர் வழியாக மற்றவர்கள் வந்து சேரும் ஆனியன் முகவரியைக் கோர் தானே உருவாக்கிக்கொள்ளும். டாக்கரில் பலருக்கும் இடிப்பது இந்தக் குக்கி அனுமதிதான்: டோர் கன்டெய்னரின் வால்யூம் பிட்காயின் கன்டெய்னரில் மவுண்ட் ஆகியிருக்காது, அல்லது குழு எண் பொருந்தாது. ஐபிவி6 கிடைக்கும் இணைப்பென்றால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் 8333-ஐ அனுமதித்தால் போதும், சிஜிநாட் அங்கே குறுக்கே வராது. பழைய வழிகாட்டிகளில் யுபிஎன்பியை (ரவுட்டரில் போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதி) இயக்கச் சொல்வார்கள். 29-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

உள்வரும் இணைப்பு வந்த பிறகு மேக்ஸ்அப்லோட்டார்கெட் வைக்க மறக்காதீர்கள். புதிதாகத் தொடங்கும் ஒரு நோடு உங்களிடமிருந்து பழைய பிளாக்குகளை இழுக்கத் தொடங்கினால் அப்லோடு முழுவதும் அதற்கே போய்விடும், வீட்டில் வீடியோ அழைப்பு திக்கும். 5000 என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 5000 எம்ஐபி. எல்லை நெருங்கும்போது ஒரு வாரத்துக்கு மேல் பழைய பிளாக்குகளைத் தருவதை நிறுத்திவிடும், புதியவற்றைத் தொடர்ந்து தரும். ட்ராஃபிக்கைக் குறைக்க பிளாக்ஸ்ஒன்லி போடச் சொல்லும் யோசனை உங்களுக்குப் பொருந்தாது. மெம்பூல் இல்லாமல் கட்டண மதிப்பீடு நடக்காது, எல்என்டிக்கு அது தேவை.

அடுத்து, மின்தடைக்குப் பிறகு பிளாக்கை ஏற்காத கதை. பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்தோடுதான் எழும். பை அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. ஓஎன்டிக்கு இணைப்பு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை என்டிபி (இணையத்திலிருந்து வரும் நேரம்) கிடைக்காது. மூன்று மணி நேர மின்தடை என்றால் பையின் கடிகாரம் மூன்று மணி நேரம் பின்னால் இருக்கிறது. தன் கடிகாரத்தைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்னால் நேரமிட்ட பிளாக்கை பிட்காயின் கோர் ஏற்காது. புது பிளாக்குகள் எல்லாமே அதன் கண்ணுக்கு எதிர்காலத்தவை. டோரும் நேரம் பிசகினால் இணையாது, ஆகவே இரட்டைத் தடை.

சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சேவையை இயக்கி, டாக்கர் சேவையை டைம்-சிங்க்.டார்கெட்டுக்குப் பின் தொடங்கும்படி வையுங்கள். அல்லது டிஎஸ்3231 கடிகார மாட்யூலை ஐ2சி பின்களில் மாட்டி, கான்ஃபிக்கில் ஐ2சி-ஆர்டிசி ஓவர்லேயைச் சேருங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை, நிரந்தரத் தீர்வு. இரண்டில் எனக்குப் பிடித்தது மாட்யூல்தான்: இணையமே வராத நேரத்திலும் கடிகாரம் சரியாக இருக்கும்.


வெண்ணாறு:

மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். கெட்_த்ராட்டில்ட் 0எக்ஸ்50005. டிமெசேஜில் யுஏஎஸ் வரிகள் வரிசையாக நிற்கின்றன. பிரிட்ஜ் 152டி:0578 என்று காட்டுகிறது. மெமரி கொலையும் இருக்கிறது. "ஷட்டவுன்: டன்" எங்குமே இல்லை! இன்வெர்ட்டர் எகோவில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். அடாப்டரும் பவர்ட் ஹப்பும் நாளை வரும். அதன் பிறகு என்ன வரிசையில் செய்வது? எஸ்எஸ்டியில் இடமும் குறைந்துகொண்டே வருகிறது.


சுவடிக்காவலர்:

நாலும் சேர்ந்தே இருந்திருக்கிறது. வரிசை இது.

அடாப்டரும் ஹப்பும் மாறிய பிறகு மீண்டும் 0எக்ஸ்0 வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். 152டி:0578 என்பது ஜேமைக்ரான் ஜேஎம்எஸ்578. லினக்ஸில் யுஏஎஸ் முறையோடு மல்லுக்கட்டும் சிப்களில் ஒன்று. சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பில் இருக்கும் ஒரே வரியின் முன்னால் யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ்=152டி:0578:யு என்று சேருங்கள், பின்னால் ஓர் இடைவெளி. அடுத்த வரிக்குப் போகக் கூடாது. போனால் அந்தப் பகுதியைப் பூட் படிக்காது. வேகம் கொஞ்சம் குறையும், டிஸ்க் நடுவில் காணாமல் போவது நிற்கும்.

பிறகு எஸ்எஸ்டியின் உடல்நிலை. ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டுங்கள் (பிரிட்ஜ் வழி என்பதால் டிவைஸ் வகை சாட் என்று தர வேண்டியிருக்கலாம்). 199-ஆம் வரிசையில் சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போனால் பழுது கேபிளிலோ கேஸிலோ, டிஸ்கில் அல்ல. ரீஅலோகேட்டட் செக்டர் ஏறினால் டிஸ்க். கோப்பு முறைமையை அன்மவுண்ட் செய்து ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள்.

டாக்கர் கம்போஸில் பிட்காயினுக்கும் எல்என்டிக்கும் ஸ்டாப் கிரேஸ் பீரியட் 10 நிமிடம் வையுங்கள். டாக்கர் சேவைக்கே சிஸ்டம்டி வழக்கமாகத் தரும் நேரம் 90 வினாடி, அதையும் 600-க்கு மேல் ஏற்றுங்கள். அகல்விளக்கு சொன்ன ஸ்கிரிப்டில் நேராகப் பவர்ஆஃப் கொடுக்காமல், முதலில் எல்என்டியை நிறுத்தி, அடுத்து பிட்காயினை நிறுத்தி, லாகில் "ஷட்டவுன்: டன்" வந்த பிறகு பவர்ஆஃப்.

டிபிகேஷை 450-க்கு இறக்குங்கள், நெடுங்காலமாக அதுதான் இயல்பு மதிப்பாக இருந்தது. ஒத்திசைவு முடிந்த நோடுக்கு அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை. பெரிய கேஷுக்கு இன்னொரு கேடும் உண்டு. டிஸ்கில் கொட்டாமல் எவ்வளவு சேர்த்து வைக்கிறதோ அவ்வளவையும் கரண்ட் போனால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஒரு பொறி உங்கள் அமைப்பில் காத்திருக்கிறது. எஃப்எஸ்டாபில் எஸ்எஸ்டிக்கு நோஃபெயில் (டிஸ்க் வராவிட்டாலும் பூட் தொடரட்டும்) போட்டிருப்பீர்கள், எல்லா வழிகாட்டியிலும் அப்படித்தான். ஒரு நாள் எஸ்எஸ்டி மவுண்ட் ஆகாமல் பை எழும். டாக்கர் கவலைப்படாமல் காலிக் கோப்பகத்தை எடுத்து பிட்காயினைத் தொடங்கும். அது பிளாக் பூஜ்யத்திலிருந்து எஸ்டி கார்டில் இறக்க ஆரம்பிக்கும், 32 ஜிபி நிரம்பி ஓஎஸ் விழும். டாக்கர் சேவையில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்று அந்தப் பாதையைச் சொல்லுங்கள். கூடுதல் காப்பாக, டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலிக் கோப்பகத்துக்கு சிஎச்அட்டர் +ஐ கொடுத்துவிடுங்கள். அதற்குள் யாரும் எழுத முடியாது.

இதெல்லாம் முடிந்தால்தான் டேட்டாபேஸ். முதலில் ரீஇண்டெக்ஸ்-செயின்ஸ்டேட் மட்டும் முயலுங்கள். பிளாக் இண்டெக்ஸும் கெட்டிருந்தால்தான் முழு ரீஇண்டெக்ஸ். இன்னும் நல்ல வழி, வீட்டில் 16 ஜிபி ரேம் உள்ள மேசைக் கணினி இருந்தால் வேலையை அங்கே முடிப்பது. எஸ்எஸ்டியை அதில் மாட்டி, டிபிகேஷ் 8000 கொடுத்து, முடிந்ததும் முறையாக நிறுத்தி, பைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பிளாக்ஸ், செயின்ஸ்டேட் இரண்டு கோப்பகமும் இன்டெலிலிருந்து ஆர்முக்கு அப்படியே வரும். கோப்பு கோப்பாக நகலெடுப்பவர்கள் பிளாக்ஸ் கோப்பகத்துக்குள் எக்ஸ்ஓஆர்.டேட் என்ற சிறு கோப்பை விட்டுவிடக் கூடாது. 28-ஆம் பதிப்பு முதல் புதிதாக இறக்கும் பிளாக் கோப்புகளை ஒரு சாவியோடு கலந்து எழுதுகிறது, சாவி அந்தக் கோப்பில். அது இல்லாவிட்டால் 600 ஜிபியும் குப்பை.

நண்பரிடமிருந்து செயின்ஸ்டேட்டை வாங்கிப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். பிளாக்குகளை யாரிடமிருந்தும் வாங்கலாம், ரீஇண்டெக்ஸில் உங்கள் நோடு அவற்றை வரிசையாகச் சரிபார்க்கும். செயின்ஸ்டேட்டை அப்படிச் சரிபார்க்காது, நம்பி எடுத்துக்கொள்ளும். பிறகு சொந்த நோடு எதற்கு?

இடம்: பிளாக்குகள் மட்டுமே 600 ஜிபியைத் தாண்டிவிட்டன. நாளுக்கு 144 பிளாக், சராசரி 1.6 எம்பி என்று போட்டால் ஆண்டுக்கு 84 ஜிபி. 1 டிபி என்று விற்பது லினக்ஸ் கணக்கில் 931. அதில் ஈஎக்ஸ்டி4 ரூட்டுக்கென்று 5 சதவீதம் பிடித்துவைக்கும், கிட்டத்தட்ட 46. ட்யூன்2எஃப்எஸ் -எம் 0 கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். டிஎக்ஸ்இண்டெக்ஸ் (எல்லாப் பரிவர்த்தனைகளின் தேடல் பட்டியல்) எல்என்டிக்குத் தேவையில்லை. போட்டிருந்தால் எடுத்துவிட்டு இண்டெக்ஸஸ் கோப்பகத்திலிருந்து அதை அழியுங்கள். புதிதாக வாங்கினால் 2 டிபி, டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), டிராம் உள்ளது. கியூஎல்சி (செல்லுக்கு நான்கு பிட்) வேண்டாம்: உள் கேஷ் தீர்ந்ததும் எழுதும் வேகம் பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்கு விழும்.


தாழ்க்கோல்:

எல்லோரும் பிட்காயின் பக்கத்தையே பார்க்கிறீர்கள். இவரிடம் திறந்த சேனல்கள் இருக்கின்றன. பிளாக்செயின் கெட்டால் போவது நேரம்தான். எல்என்டி டேட்டாபேஸ் கெட்டால் பணம் போகும்.

சேனல்.டிபி கோப்பின் பழைய நகலை எந்தக் காரணத்துக்காகவும் மீட்டு ஓட்டாதீர்கள். நேற்றைய எஸ்டி கார்டு இமேஜ், கடந்த வாரத்து ஆர்சிங்க் எதுவானாலும். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் சேனலின் நிலை மாறுகிறது. பழைய நிலையோடு எழுந்து சேனலை மூட முயன்றால் அது மோசடியாகவே எதிர்முனைக்குத் தெரியும். தண்டனைப் பரிவர்த்தனை மூலம் சேனலில் உள்ள மொத்தத் தொகையையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். நெறிமுறையே அப்படித்தான், முறையிட இடம் இல்லை.

நீங்கள் வைத்திருக்க வேண்டியவை இரண்டு: எல்என்டி பணப்பையின் 24 ரகசியச் சொற்கள், சேனல்.பேக்கப் கோப்பு. புது சேனல் திறந்தாலோ மூடினாலோ அந்தக் கோப்பு மாறும். மாறும்போதெல்லாம் வேறு இடத்துக்கு நகல் போகும்படி இனோடிஃபை ஸ்கிரிப்ட் வையுங்கள். அது மறையாக்கம் செய்யப்பட்டது என்பதால் மேகச் சேமிப்பில் வைத்தாலும் பாதகமில்லை. அதை மீட்டால் சேனல்கள் திரும்ப ஓடாது. எதிர்முனைகளிடம் மூடச் சொல்லிக் கேட்கும், பணம் உங்கள் பணப்பைக்கு வரும். எதிர்முனை இணையத்தில் இருந்தால்தான் இதுவும் நடக்கும்.

எஸ்எஸ்டியை மேசைக் கணினிக்குக் கொண்டுபோகும்போது எல்என்டியை அங்கே தொடங்கவே வேண்டாம். புது டிஸ்குக்கு மாறினால் எல்என்டியை முறையாக நிறுத்திவிட்டு நகலெடுங்கள். பழைய டிஸ்கில் எல்என்டி கோப்பகத்தின் பெயரை உடனே மாற்றிவிடுங்கள். தவறிப்போய்க்கூட அது இனி எழக் கூடாது.

பழுது பார்க்க எத்தனை நாள் ஆகலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. வழியில் நிற்கும் எச்டிஎல்சி (இன்னும் முடியாத பணப் பரிமாற்றம்) எதுவும் இல்லையென்றால் ஓரிரு நாள் அணைந்திருப்பதால் ஆபத்தில்லை. லிஸ்ட்சேனல்ஸில் பெண்டிங் எச்டிஎல்சி காலியா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். எல்என்டியின் இயல்பான காலக்கெடு இடைவெளி 80 பிளாக், ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். காலக்கெடு நெருங்கும்போது நீங்கள் இல்லை என்றால் எதிர்முனை சேனலை வலுக்கட்டாயமாக மூடும். நீண்ட நாள் அணைக்க வேண்டியிருந்தால் வாட்ச்டவர் ஒன்றை முன்கூட்டியே சேர்த்துவையுங்கள். ஏமாற்ற நினைக்கும் எதிர்முனைக்குத் தண்டனைப் பரிவர்த்தனையை அது உங்கள் சார்பில் அனுப்பும்.

உங்கள் டேட்டாபேஸ் இதுவரை கெடவில்லை என்பதே நல்ல செய்தி. ஆனால் அது இப்போது அதே ஆடும் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. நாளை பார்சல் வரும்வரை எல்என்டியை முறையாக நிறுத்தி வையுங்கள்.


பழையபெட்டி:

பையிலேயே இவ்வளவு மல்லுக்கட்டணுமா என்று எனக்குத் தோன்றுகிறது. 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் இருந்தால் அதுவே போதும். எஸ்எஸ்டி உள்ளே சாட்டாவில் நேராக இருக்கும், யுஎஸ்பி பிரிட்ஜ் தகராறு இல்லை. கடிகார பேட்டரி உண்டு. லேப்டாப் பேட்டரியே யுபிஎஸ். பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்தால் நோடை நிறுத்து என்று எழுதுவது பத்து வரி ஸ்கிரிப்ட். மூடியை மூடினால் தூங்காமல் இருக்க லாகின்டி அமைப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்பதை இக்னோர் ஆக்க வேண்டும்.


அகல்விளக்கு:

லேப்டாப் நல்ல யோசனைதான், ஒரு எச்சரிக்கையோட. வருஷம் முழுக்க 100 சதவீத சார்ஜ்ல சொருகி வச்சா பேட்டரி உப்பும், அதுவும் சித்திரை வெயில்ல. டிஎல்பில (லினக்ஸ்ல பேட்டரியைக் கவனிக்கிற சாஃப்ட்வேர்) சார்ஜ் எல்லையை 60-க்கு வைங்க. அந்த வசதி இல்லாத மாடல்னா பேட்டரியைக் கழட்டிட்டு யுபிஎஸ்ல ஓட்டுறது நல்லது. டச்பேட் மேல எழும்பி நிக்குதுன்னாலோ மூடி சரியா மூடலைன்னாலோ உடனே நிறுத்திடுங்க, அது உப்பின பேட்டரி.

பையிலயே இருக்கிறவங்களுக்கும் வெயில் கணக்கு உண்டு. 80 டிகிரி தொட்டதும் பை வேகத்தைக் குறைக்கும். அறையே 38 டிகிரின்னா மூடின பிளாஸ்டிக் கேஸ்ல அது ரொம்பத் தூரம் இல்லை. உடம்பே ஹீட்சிங்க்கா இருக்கிற அலுமினிய கேஸ் போடுங்க, எஸ்எஸ்டி கேஸை அதுக்கு மேல அடுக்காதீங்க. ரெண்டும் சூடு கக்குற சாமான்.


வெண்ணாறு:

எல்என்டியை நிறுத்திவிட்டேன், பெண்டிங் எச்டிஎல்சி எதுவும் இல்லை. சேனல்.பேக்கப் மடிக்கணினிக்குப் போய்விட்டது. கம்போஸில் 10 நிமிடம் வைத்து பிட்காயினையும் நிறுத்திப் பார்த்தேன். நாலு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு "ஷட்டவுன்: டன்" வந்தது. ஹப் வந்ததும் குவிர்க்ஸ் வரியோடு தொடங்குகிறேன். திசைகாட்டி சொன்ன கடிகார மாட்யூலையும் ஆர்டர் போட்டாயிற்று. அதில் வரும் செல் சிஆர்2032-ஆ, சார்ஜ் ஏறும் வகையா என்று பார்க்க வேண்டுமா?


திசைகாட்டி:

கட்டாயம் பாருங்கள். நீல நிறத்தில் வரும் பெரிய டிஎஸ்3231 போர்டில் சார்ஜ் ஏற்றும் சுற்று இருக்கிறது, அது எல்ஐஆர்2032-க்கானது. அதில் சாதாரண சிஆர்2032 போட்டால் சார்ஜ் ஏறி வீங்கும். சிஆர் போடுவதானால் அந்தச் சுற்றில் இருக்கும் சின்ன டயோடையோ அதை ஒட்டிய 200 ஓம் ரெசிஸ்டரையோ எடுத்துவிடுங்கள். பைக்கென்றே ஐந்து பின்னோடு வரும் சிறிய போர்டில் அந்தச் சுற்று பொதுவாக இருக்காது. மாட்டிய பிறகு ஃபேக்-எச்டபிள்யூகிளாக் பேக்கேஜை நீக்குங்கள், இல்லையென்றால் பூட் ஆகும்போது பழைய நேரத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும்.